டீ நன்றாக இருக்கிறது என்று நான் சொன்ன நாள்

பெரிய நோயிலிருந்து எழுந்து வந்தவர்கள் எழுதும் கட்டுரைகளை நிறையப் படித்திருக்கிறேன். கடைசிப் பக்கம் வருவதற்குள் எல்லாரும் நல்லவர்களாகிவிடுகிறார்கள். சூரிய உதயம் பார்க்கிறார்கள். எறும்பிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள். மனைவி வைத்த ரசத்தில் பிரபஞ்சத்தைக் காண்கிறார்கள். எனக்கும் அது நேர்ந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. இரண்டு நாள் நான் நல்லவனாக இருந்தேன். நல்லவேளையாகக் கண்டுபிடித்து, ஊசி போட்டுக் குணப்படுத்திவிட்டார்கள்.

தொழிலைச் சொல்லிவிடுகிறேன். குன்னூரில் தேயிலை ஏலத்துக்கு இலை அனுப்பும் புரோக்கர் அலுவலகம் ஒன்றில் நான் டீ டேஸ்டர். வரிசையாக வைத்த கோப்பைகளுக்கு முன்னால் நடந்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து, பக்கத்து அறைக்குக் கேட்கும்படி உறிஞ்சி, நாக்கில் உருட்டி, கூடவே தள்ளிக்கொண்டு வரும் தொட்டியில் துப்பிவிட்டு, ‘கருகல்’, ‘புகை’, ‘செத்த இலை’ என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். துப்புவதற்குச் சம்பளம். மிச்ச நேரத்தில் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறேன். அதில் துப்புவது வாசகர்கள் என்பதால் சம்பளம் குறைவு.

துப்பும்போதுதான் முதலில் தெரிந்தது. கழுத்தை முன்னால் நீட்டினால் இடது பக்கம் ஏதோ உருண்டது. நெல்லிக்காய் அளவு. வலியில்லை. அதே சமயம், குன்னூர் மார்கழியில், மூன்று கம்பளிக்கு அடியில் நடுங்க வேண்டிய மனிதன் பனியன் நனைய வியர்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி கலாமணி வெலிங்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எந்த விடைக்கும் வழிமுறை கேட்பவள்.

“ஏனுங்க, குளுருல வேர்க்குதுன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கோணும்ல?”

“கல்யாணமாகி இருவத்தஞ்சு வருஷம் கழிச்சு உன்னைப் பாத்து வேர்க்குது அம்மிணி. சந்தோசப்படு.”

“நாளைக்குக் கீழ போறோம்” என்றாள். மலையில் இருப்பவர்களுக்குக் கீழே என்றால் கோயம்புத்தூர். வேலையில்லாமல் நாங்கள் அங்கே இறங்குவதில்லை. அந்த வெயில் எங்களுக்கு ஆகாது.

நெல்லிக்காயை வெட்டி எடுத்துப் பார்த்துவிட்டு லிம்போமா என்றார்கள். பி செல்கள் என்று ரத்தத்தில் ஒரு வகை வெள்ளையணுக்கள் உண்டு. கிருமிகளுக்கு எதிரான மருந்தை உடம்புக்குள்ளேயே தயாரிப்பவை. அவற்றில் ஏதோ ஒன்று கணக்குத் தவறி, நிறுத்தாமல் பெருகி, கழுத்திலும் அக்குளிலும் வயிற்றுக்குள்ளும் கட்டி கட்டியாகச் சேர்ந்துகொள்வதுதான் இந்த நோய். கீமோ என்னும் நஞ்சை அளந்து கொடுத்தார்கள். முடி போயிற்று. நாக்கில் எதை வைத்தாலும் பழைய செப்புக்காசின் ருசி. கட்டிகள் போயின. ஊருக்குத் திரும்பினேன். லட்டு கொடுத்தோம். லட்டு தீர்வதற்குள் கட்டிகள் திரும்பி வந்தன.

இரண்டாம் முறை போனபோது புதிய டாக்டர் ஒருவர் இருந்தார். ஒல்லியான இளைஞர். அவர்தான் கார்-டி சிகிச்சை என்பதைப் பற்றிச் சொன்னார். அவர் அரை மணி நேரம் சொன்னதை எங்கள் ஊர்க்காரனாகச் சுருக்கிச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்கும் வெலிங்டன் பட்டாளப் பயிற்சி மைதானத்துக்கும் நடுவில் ஒரு சரிவுதான். மீசை சரியாக முளைக்காத பையன்கள் தகரப் பெட்டியுடன் வந்து இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஆட்டைப் பார்த்தாலும் ஒதுங்கி வழிவிடும் பையன்கள். கொஞ்ச மாதம் கழித்து அதே பையன்கள் பூட்ஸ் சத்தத்துடன் போகும்போது ஆடு ஒதுங்குகிறது. உடம்பிலும் இப்படிப் பையன்கள் உண்டு. டி செல்கள். வைரஸ் புகுந்த செல்லையும் கெட்டுப்போன செல்லையும் தேடிக் கொல்வது இவர்களுக்கு விதித்த வேலை. என்னுடையவர்கள் புற்றுநோய்ச் செல்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். எதிரி என்று அடையாளம் தெரியவில்லை.

அதனால் அவர்களை ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து ஓர் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே அவர்களுக்குள் ஒரு புதிய மரபணுவை வைக்கிறார்கள். மரபணு என்றால், ஒரு செல் எதைச் செய்ய வேண்டும் என்று அதற்குள்ளேயே எழுதி வைத்திருக்கும் உத்தரவு. அதைச் சுமந்து போய் உள்ளே இறக்குவதற்கு ஒரு வைரஸைப் பிடித்து, அதன் தீங்கை நீக்கி, சுமைதூக்கியாக வைத்துக்கொள்கிறார்கள். உத்தரவு உள்ளே போனதும் டி செல்லின் மேல் ஒரு கொக்கி முளைக்கிறது. பி செல்களின் மேலுள்ள ஓர் அடையாளத்தில்தான் அந்தக் கொக்கி மாட்டும். மாட்டினால் கொலை. நல்ல பி செல்லும் சாகும், கெட்டதும் சாகும். பட்டாளத்திடம் விசாரணை கிடையாது.

“அப்ப என் ரத்தத்துலயே ஆள் எடுத்து, ட்ரெயினிங் குடுத்து, என் மேலயே ஏவி விடுவீங்க?”

“கிட்டத்தட்ட அதேதான் சார்.”

கலா வழிமுறைக்குப் போனாள். “சரியாயிருமுங்களா டாக்டர்?”

“சிலருக்கு முழுசா போயிடுதும்மா. சிலருக்குப் போயிட்டு மறுபடி வருது. சிலருக்குக் கேக்கறதே இல்ல. சாருக்கு எதுன்னு முன்னாடியே சொல்ல முடியாது.”

“செய்யலைன்னா?”

“செய்யலைன்னா என்ன ஆகும்னு முன்னாடியே சொல்ல முடியும்” என்றார்.

அவ்வளவு சுத்தமான வாக்கியத்தை நான் எழுதியதில்லை. பொறாமையாக இருந்தது. கலா அவளுடைய அப்பா கொடுத்த தேயிலை நிலத்தை விற்க ஆள் பார்த்தாள். என்னிடம் கேட்கவில்லை. விற்ற பிறகும் சொல்லவில்லை. நானாகத் தெரிந்துகொண்டு, தெரியாதவன்போல இருந்தேன்.

செல் எடுத்த அன்று இரண்டு கையிலும் ஊசி. ஒரு கையிலிருந்து ரத்தம் ஒரு பெட்டிக்குள் போய், பால் சொசைட்டியில் வெண்ணெய் பிரிப்பதுபோல வெள்ளையணுக்களைக் கொடுத்துவிட்டு, மிச்சம் இன்னொரு கைக்குத் திரும்பியது. பாதி நாள் அசையாமல் கிடக்க வேண்டும். மூக்கு அரித்தது. கலா சொறிந்துவிட்டாள். தவறான இடத்தில். முடிந்ததும் என் செல்கள் விமானத்தில் போயின. நான் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன்.

காத்திருந்த வாரங்களைப் பற்றி எனக்கு அருவருப்பைத் தவிர வேறு நினைவில்லை. ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையின் டி.வி.யில் எப்போதும் யாரோ முந்திரி வறுத்துக்கொண்டிருந்தார்கள். எதிரே வாந்திப் பையை மடியில் வைத்துக்கொண்டு நாங்கள். சுவரில் ‘புன்னகையே மருந்து’ என்று ஒரு போஸ்டர். அப்படியானால் ஏன் அதைப் பில்லில் சேர்க்கவில்லை என்று தெரியவில்லை; மற்ற எல்லாம் இருந்தது. மஞ்சள் டீ-சட்டை போட்ட தன்னார்வலர் ஒருவர் என் கையைப் பிடித்து, “நீங்க ஒரு போராளி சார்” என்றார். நான் எங்கே போராடினேன்? நான் போர் நடக்கிற மைதானம். மிதிபடுவது மட்டும்தான் என் வேலை.

என் மச்சினன் செல்வராஜ், கலாவின் தம்பி, ஊட்டிப் பக்கம் இத்தலாரில் குத்தகை நிலத்தில் பூண்டும் கேரட்டும் போடுகிறவன். வாரம் தவறாமல் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த இடத்தையும் அவனே பிடித்துக்கொண்டான். குளிர்பான பாட்டிலில் பச்சையாக ஏதோ கொண்டுவந்தான். பப்பாளி இலை, வேப்பங்கொழுந்து, பெயர் சொல்லாத மூன்றாவது ஒன்று. மூடியைத் திறந்ததும் அறையில் இருந்த ஈ வெளியே போயிற்று.

“கண்ணை மூடிட்டு அடிச்சிருங்க மாமா. காத்தால பறிச்சது.”

“உன் மாட்டுக்குக் குடுத்துப் பாத்தியா?”

“மாட்டுக்கு எதுக்குங்க மாமா? அது நல்லாத்தான இருக்குது.”

கலா என் காதருகே வந்தாள். “வாயில வெச்சு, அவன் அந்தப் பக்கம் திரும்பறப்பத் துப்பிப்போடுங்க. துப்பறதுக்கு உங்களுக்குச் சொல்லித் தரோணுமா?” என்றாள். முப்பது வருடத் தொழில் அனுபவம் அன்றுதான் குடும்பத்துக்குப் பயன்பட்டது.

செல்கள் தயாராகி வந்தன. அவற்றுக்கு இடம் ஒதுக்க, என் உடம்பில் மிச்சமிருந்த வெள்ளையணுக்களை முதலில் கீமோ கொடுத்துக் கழுவினார்கள். பிறகு புகை கக்கும் உருளைப் பாத்திரத்திலிருந்து உள்ளங்கை அளவு பை ஒன்றை எடுத்து, வெதுவெதுப்பாக்கி, ஏற்றினார்கள். கால்மணி நேரம்கூட ஆகவில்லை. நிலம் விற்ற காசு ஒரு குழாய் வழியாகப் போவதைக் கலா கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது வந்தது அந்த நாற்றம். உறைய வைக்கும்போது செல்கள் சாகாமல் இருக்க ஒரு திரவம் சேர்க்கிறார்கள். அது உடம்புக்குள் ஏறியதும் மூச்சிலும் வியர்வையிலும் வெளியேறுகிறது. பூண்டு வாசனை. நல்ல பூண்டு இல்லை. மழையில் நனைந்து, சாக்கில் கட்டி, மூலையில் மறந்துபோன பூண்டு. என் வாய், தலையணை, போர்வை, என்னைப் பார்க்க வந்த டாக்டரின் முகம் எல்லாவற்றிலும் அது. நான் என்னைவிட்டு எழுந்து வெளியே போக விரும்பினேன். செல்வராஜிடம் போனில் சொன்னேன். அவன் குரல் தாழ்ந்தது.

“மாமா, நம்ம மலைப்பூண்டு வாசமுங்களா, சைனாப் பூண்டுங்களா?”

“ஏன்டா?”

“சைனான்னா வீரியம் பத்தாதுங்க.”

இனி என் மடத்தனத்துக்கு வருகிறேன். பயிற்சி பெற்ற செல்கள் எதிரியைப் பார்த்ததும் ஆரவாரம் செய்யும். ஒன்றுக்கொன்று இரசாயனச் செய்திகளை எறிந்து மற்றவற்றையும் எழுப்பிவிடும். அதனால் காய்ச்சல் கொதிக்கும், ரத்த அழுத்தம் விழும். அந்தச் செய்திகளை அடக்க மருந்து உண்டு. ஆனால் கலவரம் மூளைப் பக்கம் போய்விட்டால் ஆபத்து. பேச்சு குழறும், ஆளைத் தெரியாது, வலிப்பு வரும், மூளை வீங்கி உயிரும் போகலாம். தொடக்கத்திலேயே பிடித்தால் ஸ்டீராய்டு கொடுத்து நிறுத்திவிடலாம். தொடக்கத்தைப் பிடிக்க இருக்கும் கருவி, நம்ப மாட்டீர்கள், ஒரு நர்ஸும் சில கேள்விகளும்தான். எந்த வருடம், எந்த மாதம், எந்த ஊர், என்ன ஆஸ்பத்திரி. ஒரு பேனாவைக் காட்டிப் பெயர் கேட்பார்கள். நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைக்கச் சொல்வார்கள். கடைசியில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். தினமும் அதே வாக்கியம். கையெழுத்து கோணுகிறதா என்று ஒப்பிட. எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு.

நகைச்சுவை எழுத்தாளனிடம் தினமும் மூன்று வேளை ஒருவர் வந்து, “இது எந்த ஊர்?” என்று கேட்டால் அவன் என்ன செய்வான்?

நர்ஸின் பெயர் ஷீபா. கூடலூர்ப் பெண். தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் வரும்.

“சாரே, இது எந்த வருஷம்?”

“கலியுகம்.”

“எந்த ஊர்?”

“எமலோகத்துக்கு ரெண்டு ஸ்டாப் முன்னாடி.”

“அய்யோ! இது என்ன?” என்று பேனாவைக் காட்டினாள்.

“பில் போடற ஆயுதம்.”

அவள் சிரித்து முடித்ததும் சரியான பதில்களைச் சொல்வேன். வாக்கியமும் தினம் ஒன்று. ‘இங்குள்ள சாம்பார்மீது வழக்குத் தொடர வழக்கறிஞர் தேவை’ என்று எழுதினேன். பக்கத்து வார்டு நர்ஸுகளும் வந்து படித்தார்கள். எனக்கு அத்தனை கவனமான வாசகர்கள் கிடைத்ததே இல்லை. மயிர் போயிற்று, நாக்கு போயிற்று, நாலு பேருக்கு முன்னால் பெட்பேன் வைத்தாகிவிட்டது. மனிதன் என்று காட்டிக்கொள்ள மிச்சமிருந்தது இது ஒன்றுதான் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெறும் கைதட்டல் ஆசை.

“பரீச்சையில வெளையாடாதீங்க” என்றாள் கலா. “எங்க பசங்க இப்பிடி எழுதுனா நான் முட்டைதான் போடுவேன்.”

டாக்டரும் சொன்னார். “சார், நேரா பதில் சொல்லுங்க. உங்க ஜோக் எங்களுக்கு இடைஞ்சல்.”

அவருக்கு நகைச்சுவை உணர்ச்சி குறைவு என்று முடிவு செய்தேன்.

காலை டீயும் அந்த நிகழ்ச்சியில் ஒரு பகுதியாகிவிட்டது. கேன்டீனிலிருந்து ஒரு ஃபிளாஸ்க் வரும். அதில் இருப்பது டீ இல்லை. டீ போனபின் பாத்திரத்தில் மிஞ்சும் துக்கம். நாக்கு செத்திருந்தாலும் எனக்கு நிறமும் வாசமும் போதும். ஒரு வாய் உறிஞ்சி, வாந்தி பிடிக்க வைத்திருந்த கிட்னி டிரேயில் துப்பி, ஏலத்தில் சொல்வதுபோலத் தீர்ப்புச் சொல்வேன். “இலை கிடையாது. தூசியும் கிடையாது. இலையைப் பற்றி யாரோ பாத்திரத்திடம் பேசியிருக்கிறார்கள்.” இப்படி.

காய்ச்சல் வந்தது. கட்டிலே ஆடும் நடுக்கம். மருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கியது. எல்லாரும் மூச்சு விட்டார்கள். அதற்குப் பிறகு நடந்தது எனக்கு நினைவில்லை. கலா சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

காலையில் ஷீபா வந்து ஊர் கேட்டாளாம். “ஊட்டி” என்றேனாம். அவள் சிரித்தாள். வருடத்துக்கு ஏதோ ஒரு பழைய வருடத்தைச் சொன்னேனாம். அதற்கும் சிரித்தாள். வழக்கம்போல நான் பிறகு சரியான பதில் சொல்வேன் என்று காத்திருந்தாள். நானும் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தேன். அவளை வேறொரு வார்டில் கூப்பிட்டார்கள். சாருக்கு இன்றைக்கு நல்ல மூடு என்று எண்ணிக்கொண்டு, வழக்கமான மதிப்பெண்ணையே போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பிறகு டீ வந்தது. குடித்தேன். துப்பவில்லை. முழுக் கோப்பையும் குடித்துவிட்டு, “டீ ரொம்ப நல்லா இருக்குது. இன்னொரு கப் கெடைக்குமுங்களா?” என்று கேட்டேனாம். கொண்டுவந்த அம்மாவுக்கு நன்றி சொன்னேனாம். கலாவிடம் திரும்பி, “நீங்க சாப்டீங்களா?” என்றேனாம்.

கலா எழுந்து, செருப்பைக்கூட மாட்டாமல் காரிடாருக்கு ஓடினாள். டூட்டி டாக்டர் ஒருவர் போனில் இருந்தார்.

“டாக்டர், என்ற ஊட்டுக்காரரு டீ நல்லா இருக்குதுங்கறாருங்க!”

“நல்ல விஷயம்தானேம்மா. ருசி திரும்புது.”

“இல்லீங்க. அந்த டீ நல்லா இல்லீங்க.”

“அம்மா, நான் கேன்டீன்ல சொல்லி...”

“டீயைப் பத்திப் பேசலீங்க டாக்டர், மனுஷனைப் பத்திப் பேசறேன்! இருவத்தஞ்சு வருஷத்துல நான் வெச்ச டீயை ஒரு நாள் நல்லா இருக்குதுன்னது கெடையாது. இப்ப என்னை நீங்க வாங்கன்னு பேசறாரு. வந்து பாருங்க, தயவு செஞ்சு வந்து பாருங்க.”

“சார் எப்பவுமே ஜோக் அடிப்பாரே. நர்ஸ் நோட்லகூட...”

“ஜோக் அடிச்சா என் மூஞ்சியைப் பாப்பாருங்க, நான் சிரிக்கறனான்னு. இன்னிக்குப் பாக்கலை.”

அந்த வாக்கியத்துக்குத்தான் அவர் போனை வைத்தாராம். வந்து பேனாவைக் காட்டியிருக்கிறார். “நல்ல பேனா” என்றேனாம். பெயர் கேட்டதற்கு, “நல்லா இருக்குதுங்க” என்று மறுபடி. நூறிலிருந்து குறைக்கச் சொன்னால் தொண்ணூறு, தொண்ணூறு, தொண்ணூறு. எழுதக் கொடுத்த காகிதத்தில் மலைப்பாதையின் வரைபடம்போல ஒரு கோடு போட்டுவிட்டு, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தேனாம். அந்தச் சில நிமிடங்களுக்குள் என் வலது கை தானாக உதறத் தொடங்கியது. தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஸ்டீராய்டு, வலிப்பைத் தடுக்கும் மருந்து, தலைக்கு ஸ்கேன், தீவிர சிகிச்சைப் பிரிவு. கதவுக்கு வெளியே கலா. செருப்பு அறையிலேயே கிடந்தது.

அந்த இரண்டு நாளில் கண் திறந்தபோதெல்லாம் எல்லாருக்கும் நன்றி சொல்லியிருக்கிறேன். சுவருக்குக்கூட. ஒரு தடவை செல்வராஜை உள்ளே விட்டார்கள். அவன் கேரட் விலை சரிந்ததைப் பற்றிச் சொன்னபோது, “எல்லாம் நன்மைக்கே” என்றேனாம். வெளியே வந்து அவன் அக்காவிடம், “மாமா போயிட்டாருக்கா” என்று அழுதிருக்கிறான்.

எனக்கு முதலில் திரும்பி வந்தது அருவருப்புதான். கண் விழித்தேன். மூக்கில் குழாய், வாயில் பஞ்சுச் சுவை, பக்கத்துத் திரைச்சீலையில் யாருடையதோ காய்ந்த மருந்துக் கறை. தலைமாட்டில் கலா தலைமுடி வாராமல் நின்றுகொண்டிருந்தாள்.

“இந்தத் திரையை எந்த நூற்றாண்டுல தொவைச்சாங்க?” என்றேன். குரல் சரியாக வரவில்லை. பாதிதான் கேட்டிருக்கும்.

கலா இத்தனை மாதத்தில் என் முன்னால் அழுததில்லை. அன்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு திட்டினாள்.

“ரெண்டு நாள் ஒருத்தரு இருந்தாருங்க இந்தக் கட்டல்ல. தங்கமான மனுஷன். எது குடுத்தாலும் நல்லா இருக்குதுன்னாரு. அந்தாளுகூட எப்பிடிக் குடித்தனம் பண்றதுன்னு நெனச்சு நெனச்சு ராத்திரியெல்லாம் காரிடார்லயே நடந்துட்டிருந்தேன்.”

டாக்டர் வந்தார். திட்டவில்லை. “அம்மா அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் பொறுத்திருந்தா, ஃபிட்ஸ் முத்தின பிறகுதான் எங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்” என்று மட்டும் சொன்னார்.

ஷீபா வந்தபோது சிரிக்கவில்லை. பேனாவைக் காட்டவும் இல்லை. கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

“சாரே, நான் தப்பா மார்க் போட்டு. மேலிடத்துல விளக்கம் எழுதிக் குடுக்கச் சொல்லிட்டாங்க. உங்க காமெடின்னு நெனச்சுட்டேன். சாருக்கு எதாவது ஆயிருந்தா நான் எப்படி ஜீவிக்கறது?”

நான் நேராகப் பதில் சொன்னேன். வருடம், மாதம், ஊர், ஆஸ்பத்திரி. “இது பேனா” என்றேன். நூறு, தொண்ணூறு, எண்பது என்று பத்துவரை இறங்கினேன். ஷீபா ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டாள். பிறகு டாக்டரைக் கூப்பிட்டு, தப்பு அவளுடையதல்ல, கேள்வியைக் கெடுத்தவன் நான் என்று சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். நான் எழுதியவற்றில் யாரும் சிரிக்காத ஒன்று அதுதான். மற்றவற்றையும் அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

வார்டிலிருந்து விட்ட பிறகும் மலையேற விடவில்லை. ஒரு மாதம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது விதி. லாட்ஜ் அறை ஒன்று எடுத்தோம். குளியலறைக் குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் ஒரு முனகல் வரும். அங்கே இன்னொரு வேடிக்கை நடந்தது. கீமோவும் ஸ்டீராய்டும் என் வெள்ளையணுக்களை ஒடுக்கி வைத்திருந்ததால், சின்ன வயதில் எப்போதோ உள்ளே வந்து தூங்கிக்கொண்டிருந்த வைரஸ் ஒன்று காவல் இல்லை என்று தெரிந்து எழுந்து உட்கார்ந்தது. மறுபடி மருந்து, மறுபடி வாந்தி. மருந்துக்குக் கட்டுப்படவில்லையென்றால், வேறொருவர் உடம்பில் அந்த வைரஸோடு ஏற்கெனவே சண்டை போட்டுப் பழகிய டி செல்களை வாங்கி ஏற்றும் வழியும் சில இடங்களில் இருக்கிறது என்றார் டாக்டர். கூலிப்படை. அது இல்லாமலே மருந்துக்கு அடங்கிவிட்டது. அந்த வைரஸ்மேல் எனக்கு இப்போதும் கோபம். இத்தனை வருடம் வாடகை தராமல் இருந்த ஆள்.

ஸ்கேன் நாள் வந்தது. உடம்புக்குள் சர்க்கரையில் கலந்த ஒரு மருந்தை ஏற்றிப் படம் எடுக்கிறார்கள். புற்றுநோய்க்குச் சர்க்கரை பிடிக்கும். அது இருக்கிற இடம் படத்தில் எரியும். பழைய படத்தில் நான் தீபாவளிக் கடைவீதிபோல இருந்தேன். முடிவுக்காக உட்கார்ந்திருந்தபோது டி.வி.யில் முந்திரி வறுபட்டது. கலா தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள். செல்வராஜ் எழுந்து நின்றான், உட்கார்ந்தான், மறுபடி நின்றான். இதற்கும் நோய் கேட்கவில்லையென்றால் இனிச் செய்ய வேறு சிகிச்சை இல்லை, விற்க வேறு நிலமும் இல்லை. மூன்று பேருக்கும் அது தெரியும்.

டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். மூளையும் இதயமும் மட்டும் எரிந்தன. அவை எல்லாருக்கும் எரியும் என்றார். மற்ற இடமெல்லாம் இருட்டு.

“போயிருச்சுங்களா?” என்றாள் கலா.

“இப்போதைக்குப் போயிருச்சும்மா. மூணு மாசத்துல மறுபடி பாப்போம். அப்புறம் மறுபடி. திரும்ப வராதுன்னு நான் சொல்ல மாட்டேன்.”

“இப்போதைக்குப் போதுமுங்க” என்றாள்.

அன்றே மலை ஏறினோம். நான் வண்டி ஓட்டக் கூடாது என்று தடை. செல்வராஜ் ஓட்டினான். கல்லாறு தாண்டி வளைவுகள் தொடங்கியதும், பிறந்ததிலிருந்து இந்தப் பாதையில் ஏறி இறங்கியவனுக்கு, சமவெளிக்காரர்கள் ஜன்னலில் தலையை நீட்டுவதைப் பார்த்து ஏளனமாகக் கட்டுரையே எழுதியவனுக்கு, வயிறு புரண்டது. வண்டியை ஓரம் கட்டச் சொல்லி இறங்கி, மாஸ்க்கைக் கழற்றி, பாறையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். குரங்கு ஒன்று வந்து பார்த்துவிட்டு, அருவருப்புடன் போய்விட்டது. சற்றுத் தள்ளி ஒரு டூரிஸ்ட் வேனிலிருந்தும் பாதிப் பேர் இறங்கி அதே காரியத்தில் இருந்தார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து நடுத்தர வயது அம்மா ஒருவர் வாயைத் துடைத்துக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை நீட்டியபடி வந்தார். கலா கையைக் காட்டி அவரைத் தூரத்திலேயே நிறுத்தி, எட்டிப் பழத்தை வாங்கிக்கொண்டாள்.

“எங்களுக்கும் இதே கதிதாம்ப்பா” என்றார் அந்த அம்மா என்னிடம், பரிவாக. “மொத தடவையா ஊட்டிக்கு வரீங்க?”

“ஆமாங்க” என்றேன். “மொத தடவை.”

என் முதுகைத் தடவிக்கொண்டிருந்த கலாவின் கை அப்படியே நின்றது. விரல்கள் சட்டையைப் பிடித்தன. நான் அவசரமாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன்.

“ஜோக்கு” என்றேன்.

கை மறுபடி நகர்ந்தது.